மேசையின் தூர விளிம்பு

வோலோஸ் நகரத்தில் அந்த ஜூலை
வங்கிக் கதவுகள் சாத்திக் கிடந்தன.
சுவரில் பதித்த இயந்திரம் மட்டும்
ஆளுக்கு அறுபது யூரோ
அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது.
இருபது யூரோத் தாள் தீர்ந்த பிறகு ஐம்பதுதான்.

பொலிக்ஸேனி முப்பத்தோராவது ஆளாக நின்றாள்.
டியூஷன் சென்டரில் வடிவியல் எடுப்பவள்.
தலைக்கு மேலே பலகையில் வங்கி என்ற சொல்:
திராபெசா.
வேறு பார்க்க ஒன்றுமில்லாததால்
அதையே பிரித்துப் பார்த்தாள்.

நாணயம் மாற்றுகிறவன்
சந்தையில் முன்னால் போட்டிருந்த பலகை.
அதற்கு முன்பு வெறும் மேசை.
அதற்கும் முன்பு
நான்கு பாதம்.
(நான்கு காலை நாம் உட்கார எடுத்துக்கொண்டோம்,
அவர்கள் சாப்பிட.)
செல்லமாகக் கூப்பிட்டால் திராபேசியோன்,
சின்ன மேசை.
பள்ளிக்கூடத்துச் சரிவகம்.

பழைய வடிவியல்காரர்கள்
சதுரம் செவ்வகம் சாய்சதுரம் இணைகரம் என்று
ஒழுங்கானவற்றுக்குப் பெயர் வைத்து முடித்து
மீந்ததையெல்லாம்
சின்ன மேசை என்று தள்ளிவிட்டார்கள்.
மார்ச்சில் ஒரு பையன் கேட்டான்:
மேசை சதுரம்தானே டீச்சர்,
கோணலுக்கு ஏன் அந்தப் பேர்?
மணி அடித்துவிட்டது என்றாள்.
அடிக்கவில்லை.

முன்னால் ஒன்பது பேர் இருக்கையில்
எதிர்க்கடை ஆர்கிரிஸ்
(பெயரில் வெள்ளி, கல்லாவில் ஒன்றுமில்லை)
ஒரு மேசையைத் தூக்கிவந்து
சரிவான நடைபாதையில் போட்டான்.
தக்காளி, ரொட்டி, ஒரு கூஜா தண்ணீர்.
"காசு பிறகு" என்றான்
யாரையும் பார்க்காமல்.

அவள் நின்ற இடத்திலிருந்து
கிட்டத்து விளிம்பு நீளம்,
தூரத்து விளிம்பு குட்டை,
இரண்டும் இணை.
பக்கங்கள் உள்ளே சாய்ந்து
அப்பால் எங்கோ சந்திக்கப் போவதுபோல் போயின.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன்
மேசையைப் பார்ப்பதில்லை.
தள்ளி நின்று பசித்த எவனோதான்
இந்தப் பேரை வைத்திருக்க வேண்டும்.
ஆதாரம் கிடையாது.
பரீட்சையில் யாராவது எழுதினால்
அவளே சிவப்பில் அடிப்பாள்.

அவள் முறை வந்தபோது
இயந்திரம் ஒரு சீட்டை மட்டும் நீட்டியது.
நாலாய் மடித்தாள்.
ஆடிக்கொண்டிருந்த நான்காம் பாதத்தின் அடியில்
குனிந்து சொருகினாள்.
போதவில்லை.

தக்காளி ஒன்று
தூர விளிம்பிலிருந்து
அவள் பக்கமாக உருண்டது.