முனை ஒடித்த முள்

உனா ஆற்றில் இறங்குமுன்
குறடால் முள்ளின் முனையை ஒடித்துவிடுகிறார் ரெஃபிக்.
இறகும் முயல்மயிரும் சுற்றிய பொய்ப்பூச்சி
இனி யாரையும் குத்தாது.

பாலத்தில் நின்று செனிதா கேட்கிறாள்:
"எத்தனை?"
"பதினொன்று."
"எங்கே?"
ஆற்றைக் காட்டுகிறார்.

முற்றுகைக் காலத்தில்
எங்கே என்று கேட்க ஆளில்லை.
வீட்டில் ஐந்து வாய்.
சிறிதா பெரிதா பார்த்ததில்லை,
மீனின் முள்ளையும் சூப்பினார்கள்.

போர் ஓய்ந்தபின் வந்தது வேறொரு பசி.
அலமாரிக் கதவின் உட்புறம் பென்சில் கோடுகள்,
சென்டிமீட்டர், தேதி.
ஐம்பத்திரண்டைத் தொட்ட ஹாஸிமுடன்
இரண்டு ஆண்டு பேச்சில்லை.
அப்புறம் ஆலைச் சக்கரத்துக்குக் கீழே
ஒற்றைக் கண் மீன் ஒன்று;
மூன்று கோடை அதற்கே போயிற்று.
பிடித்த அன்று கையெல்லாம் ஓம வாசம்.
விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து,
அடுத்து என்னவென்று தெரியாமல்
சிகரெட்டைத் தலைகீழாகப் பற்றவைத்தார்.

இப்போது
மூக்கு நீரைக் கிழிக்கும் அந்த ஒரு நொடி.
பொய்யை மெய்யென்று நம்பி வாய் திறக்கும்;
நரம்பு ஒருதரம் துடிக்கும்;
துப்பிவிட்டுப் போகும்.
போதும் என்கிறார்.
சில நாள் போதாமலும் இருக்கிறது,
சொல்வதில்லை.

தொப்பியின் உள்மடிப்பில்
முனை ஒடிக்காத முள் ஒன்று
எண்ணெய்த்தாளில் சுற்றி இருக்கிறது.
செனிதாவுக்கு அது தெரியும்.
அந்த ஐந்து வாயில்
அவளுடையதும் ஒன்று.