நகத்தடம்

மூன்று எழுத்து முறைகள் தெரிந்தவனை
நாங்கள் கைநாட்டு என்றுதான் அழைத்தோம்.

பாபிலோன் அரண்மனையின் மேற்கறை.
எந்நேரமும் ஈரக் களிமண் வாசம்.
பலகை காயும் முன்பே
அதிகாரிகள் தங்கள் முத்திரை உருளையை
ஓரத்தில் உருட்டிவிட்டுப் போவார்கள்:
மர்தூக்கின் மண்வெட்டி,
எதிரே கைகூப்பி ஒரு குட்டி மனிதன்.
அந்த யூதேயன் மட்டும்
கட்டைவிரல் நகத்தை அழுத்துவான்.

"பிறை போட்டிருக்கிறாயே,
நீயும் சந்திர தேவனுக்குத்தானா?" என்று
ஒருநாள் சீண்டினான் முஷேசிபு.
"இது வளர்ந்தால் வெட்டிப் போடுவேன்.
உங்கள் தேவனை அப்படிச் செய்ய முடியுமா?"
சொல்லிவிட்டு
வாய்க்கால் கணக்கைத் தொடர்ந்தான்.

பெரகியா, அவன் தாய் வைத்த பெயர்.
பேல்-இத்தின், நாங்கள் வைத்தது.
கூப்பிட்டால் வருவான்.
இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு
வருகிறவனைப் போல வருவான்.

போன ராஜாவின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது
நாங்கள் ஆட்டு ஈரலைப் பிளந்து பார்த்துப்
பிழைப்பான் என்றோம். வெள்ளி கிடைத்தது.
அவனையும் கேட்டார்கள்.
"பையனின் அருகில் போய் உட்காருங்கள்,
ராஜாவே. மூன்று நாள்தான்" என்றான்.
மூன்றாம் நாள் சங்கு முழங்கியது.
வெள்ளியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
நாங்களும் கொடுக்கவில்லை.

இந்த ராஜாவுக்கு மலைநாடு வேண்டும்.
ஈரல்கள் எல்லாம் போ போ என்றன.
படைவீரர்களோ அந்த நகம் எங்கே என்றார்கள்.

அவனை அழைத்து, பலகையை நீட்டினார்கள்.
வெகுநேரம் நின்றான்.
போகாதே என்று சொல்வான் என நினைத்தேன்.
"எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.
கேட்காததைக் கேட்டேன் என்று
எழுத முடியாது" என்றான்.
அவ்வளவுக்கும்
போ என்ற ஒரு சொல்லுக்கு
ஈச்சந்தோப்பு ஒன்று பேசியிருந்தார்கள்.

அன்றிரவு தலைமை எழுத்தர்
என்னைத் தனியே கூப்பிட்டார்.
"நிதிந்து, உனக்கும் கட்டைவிரல் இருக்கிறதே."
களிமண் குளிர்ந்திருந்தது.
இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

மறுநாள் சபையில் வாசித்தார்கள்.
அவன் பலகையைக் கேட்டு வாங்கி
சாளரத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தான்.
"இது என் நகமில்லை.
என்னுடையதில் பதினாறு வருஷமாக
ஒரு வெடிப்பு இருக்கிறது.
இது வாலிப நகம்."

"யாருடையது?" என்றார் ராஜா.

அவன் பார்வை
வரிசையில் நின்ற எங்கள் கைகள்மேல் போனது.
என் விரலை உள்ளங்கைக்குள் மடக்கினேன்.
மடக்கியது ஒருவன்தான்.
அங்கே ஒரு கணம் நின்றது அந்தப் பார்வை.

"என் விரலுக்குத்தான் நான் பொறுப்பு"
என்றார் அவர்.

நிலக்கீல் கிணறுகளுக்கு அனுப்பினார்கள்.
அறுபத்தெட்டு வயதில்.
படையும் போயிற்று.
அந்தக் கோடையில்
எண்ணூறு பெயர்களுக்கு எதிரே
பார்லி என்று எழுதுவதை நிறுத்தினேன்.

மழைக்காலத்தில் கிணறுகளிலிருந்து
கணக்குப் பலகை வந்தது.
நாங்கள் கேட்டது நாற்பது ஜாடி.
குறைந்தால் கசையடி, அது எல்லோருக்கும் தெரியும்.
"முப்பத்தொன்பது.
ஒன்று உடைந்தது. என் கையால்."
ஓரத்தில் பிறை. நடுவே வெடிப்பு.
வெடிப்பில் கறுப்பாகக் கீல் ஒட்டியிருந்தது.

அறையில் யாரும் இல்லை.
என் கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
நகம் இல்லை எனக்கு.
கடித்துக் கடித்துச் சதைவரை போய்விட்டது.

"எத்தனை, நாற்பதா?"
வாசலில் நின்று கேட்டார் தலைமை எழுத்தர்.
நாணலைக் கையில் எடுத்தேன்.
மழை நிற்கவில்லை.
ஒன்று குறைகிறது, ஐயா, என்றேன்.