அவன் சொன்னதைச் சொல்

ஒரே கூரை, இரண்டு பள்ளிகள்.
இரண்டு வாசல், இரண்டு மணி,
இரண்டு தலைமையாசிரியர்கள்.
கொதிகலன் மட்டும் ஒன்று.
அதனால் அதைப் பார்ப்பவனும் ஒருவன்தான்: நான்.

நெரெத்வா ஆற்றின்மேல் பனி இறங்கும் மாதங்களில்
அதிகாலை ஐந்துக்கு நான் மூட்டும் தீ
இரண்டு பக்கத்துக் குழாய்களிலும் ஓடும்.
அந்தச் சூடு எந்தப் பாடத்திட்டம் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

சண்டை ரொட்டியில் தொடங்கியது.
சிற்றுண்டி ஜன்னலில் ட்ராஷென் 'க்ருஹ்' கேட்டான்.
பின்னால் நின்ற ஆல்டின் சிரித்தான்:
'ஹ்லியெப் என்று சொல்ல வராதோ?'
இரண்டும் ரொட்டிதான். ஒரே மாவு, ஒரே அடுப்பு.
ஆல்டினுக்கு ஒரு பல் போனது. ஒரு கண்ணாடி உடைந்தது.
பல்லை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்;
கண்ணாடியை நான் கூட்டினேன்.

முன்பென்றால் இரண்டு தலைமையாசிரியர்களும்
ஆளுக்கொரு கடிதம் எழுதியிருப்பார்கள்.
இந்த வருடம் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது,
என் துடைப்பங்கள் இருந்த அறை.
மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி.
நடுவில் பதினாறு வயது இவோனா;
பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள்,
நகம் கடிப்பவள்.

அவளிடம் சட்டம் ஒன்றுதான்:
பதில் சொல்லுமுன், அவன் சொன்னதைச் சொல்.
'ஆமாம், அதுதான்' என்று அவன் ஒப்பும்வரை
உன் முறை வராது.

எளிது என்று நினைத்தேன்,
சுவருக்கு இப்பால் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டே.

'நான் முட்டாள் என்கிறான்.'
'இல்லை,' என்றான் ட்ராஷென். 'அப்படிச் சொல்லவில்லை.'
'நாங்கள் எல்லாருமே இப்படித்தான் என்கிறான்.'
'இல்லை.'
இவோனா தண்ணீர் ஊற்றினாள்.
ஒரு பக்கத்து மணி அடித்தது,
சற்றுப் பொறுத்து மறுபக்கத்து மணி.
யாரும் எழவில்லை.

மூன்றாம் முறை ஆல்டினின் குரல் இறங்கியது:
'காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை.
வரிசையில் இருபது நிமிடம் நின்றான்.
வீட்டில் அவன் அம்மா சொல்வதைத்தான் சொன்னான்.
க்ருஹ்.
நான் சிரித்தது
அவளைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.'

அந்த ஒரு சொல்லை,
ஆறாத பண்டத்தைக் கடித்துவிட்டவன்போல்
பல் போன இடத்தில் படாமல் சொன்னான்.

நெடுநேரம் கழித்து ட்ராஷென்:
'ஆமாம். அதுதான்.'

கைகுலுக்கல் இல்லை.
ஆல்டினின் முறை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.
மைதானத்து வேலி அப்படியே நிற்கிறது;
அதில் மாட்டிக்கொள்ளும் பந்துகளை எடுப்பதும்
நான்தான்.

அன்றிரவு கொதிகலன் எதிரே உட்கார்ந்து
நானும் முயன்றேன்.
ஸ்டீப்பான், எதிர்வீட்டுக்காரன்.
முப்பது வருடமாய்ப் பேச்சில்லை.
கடைசியாகப் பேசியது கிணற்றடியில்,
தூறல் விழுந்தது, அவன் கையில் வாளி.

'ஸ்டீப்பான் சொன்னான்…'
உரக்கத்தான் தொடங்கினேன்.

நான் சொன்ன பதில் நினைவிருக்கிறது,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
வாளியின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடுவேன்.

அவன் என்ன சொன்னான்?