ஆறு முட்டை

கந்தப்பளைக்கு மேலே எங்கள் லயத்துக்கு
மாசிப் பனியில் வந்தான் நிதர்ஷன்,
பேராதனையில் கோழி படிக்கிற பையன்.
அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதாம்.
ஆறு முட்டை கேட்டான். காசும் கொடுத்தான்.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் போட்டு,
பக்கத்து சீட் காலியாய்க் கிடக்க
மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான்.

போகுமுன் கேட்டான்:
"என்ன தீனி போடுறீங்க, அக்கா?"
போடுவதா?
விடிய பிரட்டுக்குப் போகுமுன் கூட்டைத் திறந்தால்
அதன் வயிறு அதன் பாடு.
கான் ஓரத்துப் புல்,
தேயிலைத் தூரில் கிளறிய புழு,
மரக்கறி லொறி சிந்திவிட்டுப் போன கரட் இலை,
சம்பளச் சனிக்கிழமை என்றால் நெத்தலித் தலை.
லீக்ஸ் பக்கம் மட்டும் விடமாட்டேன்,
அடுத்த கிழமை முட்டை நாறும்.
'நாறும்' என்பதையும் எழுதிக்கொண்டான்.

சித்திரை வருசம் கழிந்து
தபாலில் வந்தது கடதாசி.
என் ஆறுக்கு எதிரே
மூட்டைத் தீனி தின்ற பண்ணைக் கோழியின் ஆறு.
மொத்தக் கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.
தராசில் வைத்தால் தெரியாது.
வகைதான் வேறு.
நெஞ்சுக்கு நல்லதென்று சொல்கிற கொழுப்பு
என்னுடையதில் மூன்று மடங்கு.
புல்லுக்கு ஒன்று, மீன் தலைக்கு ஒன்று என
அம்புக்குறி வரைந்திருந்தான்.
இன்று தின்பது
பத்துப் பதினைந்து நாளில்
மஞ்சளுக்குள் இறங்கிவிடுமாம்.

நுவரெலியா ஹோட்டல்காரருக்கு
நிறம் மட்டும்தான் கணக்கு.
ஒன்றை உடைத்து ஊற்றி
"இன்னும் சிவக்கணும்" என்பார்.
செவ்வந்தி இதழைத் தீனியில் கலந்தால்
எந்தக் கோழியும் சிவப்பாய் இடும்,
கொழுப்பு இருந்தபடியே இருக்கும்.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
சிவந்ததற்கு ஐந்து ரூபா கூட.

கடதாசியை இரண்டாம் தரம் வாசிக்கும்போது
வாயில் ரொட்டி.
நேற்றும் ரொட்டி.
பத்து நாள் முந்தியும் ரொட்டி, கட்டைச் சம்பல்,
சாயத் தண்ணி.
மடியில் சின்னவன்
கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தான்.
அம்புக்குறி ஒன்றை
அவன் பக்கம் வரைய
நிதர்ஷனுக்குத் தோன்றியிருக்காது.

அந்தச் சனிக்கிழமை
தலை கோழிக்கு,
உடல் முழுக்க எனக்கு.
புருசன் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசவில்லை.

திங்கள் ஹோட்டல் கணக்கில் ஏழு முட்டை குறைந்தது.
மறு திங்களும் ஏழு.
"என்னம்மா, கோழிக்கு வருத்தமா?"

"இல்லீங்க,
அடை உக்காந்திருச்சி."