யார் கை கீழே

வந்த முதல் வாரம்
நெரிசல் பேருந்தில் ஒருவன் என் காலை மிதித்தான்.
மிதித்தவன் விலகிப் போகாமல்
சட்டென்று என் கையைப் பிடித்தான்.
உதறிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
அடுத்த நிறுத்தத்திலேயே குதித்துவிட்டேன்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
அலுவலகம் போய்ச் சேர்வதற்குள்
இமைமயிரில் பனி கோத்துக்கொண்டது.

"மிதித்தால் கை குலுக்கணும்,
இல்லாவிட்டால் பகை ஒட்டிக்கொள்ளும்"
என்றான் தோர்ஜ்பாலம்,
கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே.
ஆக, யாரோ ஒருவன்
என்னோடு பாதிச் சமாதானத்தில்
இந்த உலான்பாத்தரில் இன்னும் திரிகிறான்.

எங்கள் சிலியில்
கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் காற்றில் ஒரு முத்தம்.
பல் வைத்தியர், வீட்டுத் தரகர், யாராயிருந்தாலும் அதுதான்.
அந்தக் கைப்பழக்கத்தில், இல்லை, வாய்ப்பழக்கத்தில்
கணக்குப் பிரிவுக்குள் நுழைந்து
நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டேன்.
ஐந்தாவது மேசைப் பெண்
ஒரு ஃபைலை எடுத்து
முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.
அன்றைக்கே என் முத்தத்தைக்
கோட்டின் உள்பையில் போட்டு
ஜிப்பை இழுத்துவிட்டேன்.

இத்தனை கூச்சக்காரர்கள்
வயதை மட்டும் கூசாமல் கேட்டார்கள்.
டாக்ஸிக்காரர் கேட்டார்.
இறைச்சிக் கடையில் எலும்பை வெட்டிக்கொண்டே கேட்டார்கள்.
லிஃப்டில், நான்காம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் இடையில்,
பெயர்கூடக் கேட்காமல் கேட்டார்கள்.

நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டு என்றேன்.
மங்கோலிய மொழியில்
நான் பிழையில்லாமல் உச்சரித்த முதல் எண் அது.

பிப்ரவரியில் வெள்ளை மாதம் பிறந்தது.
ஃபைலால் முகத்தை மறைத்த அல்தன்சுல்தான்
வீட்டுக்கு அழைத்தாள்.
மேசைமேல் நீள ரொட்டிகள் ஒற்றைப்படை அடுக்குகளாய்.
முழு ஆட்டின் முதுகு.
பூஸ் வெந்த ஆவியில் ஜன்னல் தெரியவில்லை.

அங்கேதான் கணக்குப் புரிந்தது.
இளையவர் கை கீழே, உள்ளங்கை வானம் பார்க்க.
மூத்தவர் கை மேலே.
முழங்கையை ஏந்தி நிற்க,
மூத்தவர் குனிந்து கன்னத்தை முகர்வார்.
வயது தெரியாமல்
எந்தக் கையை எங்கே வைப்பது?
வம்புக்குக் கேட்கவில்லை.
கைக்கு இடம் கேட்டிருக்கிறார்கள்.

அவள் மாமனார் என் கன்னத்தை முகர்ந்தார்.
மூக்குப்பொடியும் பால் டீயும் கலந்த வாசனை.
உள்பையில் ஏதோ அசைந்தது.

பிறகு அல்தன்சுல் எதிரே வந்தாள்.
பச்சைப் பட்டு, கழுத்துவரை பொத்தான்.
அவளுக்கு முப்பத்தொன்பது.
எனக்கு, ஊரறிய, முப்பத்தெட்டு.
என்னைவிட இரண்டு வயது சிறியவளின் கைகளுக்கு அடியில்
என் கைகளைக் கொண்டுபோனேன்.
மேம்போக்காகத் தொடுவாள் என்று நினைத்தேன்.
இறக்கி வைத்தாள், முழு பாரத்தையும்.
சந்தையிலிருந்து வந்தவள் கூடையை இறக்குவதுபோல.

சமையலறையில் மாவுக் கையோடு சொன்னாள்:
"ஏழு பேரில் கடைசி நான்.
புகுந்த வீட்டிலும் கடைசி மருமகள்.
பெரியவர்களில் ஒருத்தர் மேலே
என் கை ஏறியது இன்றைக்குத்தான்."
சொல்லிவிட்டு எனக்கு இன்னும் நான்கு பூஸ் வைத்தாள்.
நான் போதும் என்றதை
மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

வாசற்படியை மிதிக்காமல் தாண்டி,
படியிறங்கி, பூட்ஸில் பனி நொறுங்க
நடந்துபோகும்போதுதான் உறைத்தது.
என் விசா விண்ணப்பத்தை நிரப்பியவள் அவள்.
பாஸ்போர்ட் நகலைப் பார்த்து
பிறந்த தேதியைக் கட்டம் கட்டமாக
நீல மையில் எழுதியவள்.
அந்த ஃபைலே அதுவாக இருக்கலாம்.

தெரிந்தே ஏற்றுக்கொண்டாளா?
என் பொய்க்கு மரியாதையா,
அவள் ஆசைக்கு நான் வாகாய் அகப்பட்டேனா?
இதைக் கேட்பதற்கு
இந்த ஊரில் என்ன முறை என்று
யாரிடம் கேட்பது?

டாக்ஸி நின்றது.
கதவைச் சாத்துவதற்குள்
வழக்கமான கேள்வி வந்தது.

நாற்பது என்றேன்.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.