கடைசிப் பன்னிரண்டு பக்கம்

விண்ணப்பத் தாளில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
பெயர் பெர்மெத். வயது பதினாறு. ஊர் நரின், கிர்கிஸ்தான்.
ஆங்கிலம் நடுத்தரம்.
நாய்களிடம் பயமில்லை. வாசிக்கப் பிடிக்கும்.

வாசிக்கப் பிடிக்கும் என்ற இரண்டே சொல்லோடு
டுலூத் நூலகத்தின் நிலவறையில் நிற்கிறேன்.
பழைய புத்தக விற்பனை, ஒரு பை மூன்று டாலர்.
நான் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன்.
பள்ளிக்கூடம் விட்டபின் படித்தது
வீட்டுக் கடன் பத்திரம் ஒன்றுதான்.
அதிலும் கடைசித் தாளைப் படித்தவள் லோர்னா.

லோர்னா சொல்லி அனுப்பினாள்:
கனமானது வேண்டாம், குழந்தைத்தனமும் வேண்டாம்,
நம்மைப் பற்றித் தப்பாக நினைக்க வைப்பது வேண்டவே வேண்டாம்.

எனக்கே தெரியாத சொல் முதல் பக்கத்தில் வந்தால்
அது பைக்குப் போகாது என்று விதி வைத்தேன்.
முக்கால் மணி நேரம். பை காலி.
விதியைத் தளர்த்தினேன்.

அட்டையில் ஒரு நாய், சிரிக்கிற நாய்.
அட்டையில் நாய் சிரித்தால் எனக்குச் சந்தேகம்.
பின்னாலிருந்து புரட்டினேன். செத்திருந்தது.
அடுத்ததில் அம்மா.
அதற்கடுத்ததில் தம்பி, ஏரி, மெல்லிய பனிக்கட்டி.
இன்னொன்றில் ஊரோடு எல்லோரும்.
இளையோருக்கு என்று பலகை மாட்டிய அலமாரியில்
இத்தனை சாவை யார் அடுக்கி வைத்தது?
அத்தனை தூரம் தாண்டி வருகிறவள்,
முதல் வாரம், யார் வீட்டுத் தலையணையிலோ படுத்து,
ஏரிக் காற்று ஜன்னலை உலுக்குகிற இரவில்
இதையா திறப்பாள்?

மேசையில் இருந்த டெல்பினைக் கேட்டேன்:
யாருமே சாகாத புத்தகம் ஒன்று?
அவள் சிரிக்கவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் யோசித்தாள்.
"பறவைக் கையேடு இருக்கிறது" என்றாள்.
பிறகு, "இல்லை, அதிலும்
முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று பூண்டோடு அற்றுப்போகிறது."

கையேட்டை எடுத்தேன். பேக்கரி நடத்தும் இரட்டையர் கதை ஒன்று,
நிலா ஆராய்ச்சி ஒன்று, பெரிய எழுத்து என்பதற்காக இன்னொன்று.
நாயையும் எடுத்தேன். அந்தச் சிரிப்பை
அங்கே விட்டுவர மனம் வரவில்லை.
கார் நிறுத்துமிடத்தில், அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியால்
கடைசிப் பன்னிரண்டு பக்கத்தை அறுத்தெடுத்தேன்.
சுத்தமான வெட்டு. தையல் கூடப் பிரியவில்லை.

ஆகஸ்டில் வந்தாள். உயரம், குறைவான பேச்சு,
பெட்டி நிறைய எங்களுக்கு உலர்ந்த பாதாமி.
புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கி நன்றி சொன்னாள்.
ஐந்தாம் நாள் காலை நாயோடு வந்து நின்றாள்.
"இதில் முடிவு இல்லை."
பழைய புத்தகம், உதிர்ந்திருக்கும் என்றேன்.
வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை.
நான் கராஜில் சங்கிலி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பள்ளி நூலகத்தில் வேறு பிரதி கிடைத்ததாம்.
பக்கத்தில் வந்து, பையைக் கீழே வைத்து,
ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி,
இழவுச் செய்தி கொண்டுவந்தவள் மாதிரி,
"உட்காருங்கள்" என்றாள்.
உட்கார்ந்தேன், சக்கரத்தின் மேல்.
"அந்த நாய். அது செத்துவிடுகிறது.
நீங்கள் வேறு யார் மூலமாகவும்
தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன்."

நான் அப்படியா என்றேன்.
வேறென்ன சொல்வது.
"ஆனால் வலிக்கவில்லை" என்றாள். "ஒன்பது பக்கம் வரைக்கும் நன்றாகவே இருக்கிறது."

அது எனக்குத் தெரியாது.
செத்தது தெரியும், அந்த ஒன்பது பக்கம் தெரியாது.

அறுத்த தாள்கள் லாரியில்தான் இருக்கின்றன,
கையுறைக்கும் டார்ச்சுக்கும் அடியில்.
இன்று முதல் பனி. அதிகாலை மூன்றே கால்.
லண்டன் ரோடு முனையில் எஞ்சினை ஓடவிட்டு
நான்காம் பக்கத்தில் இருக்கிறேன்.
நாய் ஒரு வேலியைத் தாண்டுகிறது.
ரேடியோவில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.