கருணை கூர்ந்து

ராஜாஜி சாலை, கலெக்டர் ஆபீஸ் மதில் ஓரம்.
திங்கட்கிழமை. பத்து மணிக்குள் பதினோரு மனு.
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும்
தாள் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருடமாக
கடைசிப் பத்திக்கு நான் யோசித்ததே இல்லை.
'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று
கை தானாக எழுதிவிடும்.
புருஷனை இழந்தவளுக்கும் அதுதான்,
கண் தெரியாதவருக்கும் அதுதான்,
காரில் வந்து இறங்கிப் பட்டா கேட்பவருக்கும் அதேதான்.
கூர்ந்து கூர்ந்து என்று எழுதியே
எத்தனை பேனா முனை மழுங்கிவிட்டது.

கருணை அடிப்படையில் வேலை கேட்டு
ஒரு பையனுக்கு எழுதிக்கொடுத்தேன்.
ஆறாவது மனுவுக்கு வந்தபோது
அவனுக்கு முன்மண்டை வழுக்கை.
வீட்டில் கருணைக்கிழங்கு மசியல் வைக்கிற நாளில்
எனக்கு இது நினைவு வரும்.
புளி போதாவிட்டால்
அரிப்பதெல்லாம் வாங்கித் தின்றவன் தொண்டைதான்.

பன்னிரண்டாவது ஆள், ரெஜினா.
பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
முன்பு கூவம் கரை. அது நாறும், ஆனால் தரை.
மகன் ஜெரோம், வயது பதினான்கு,
தசை தேய்ந்துகொண்டே போகிற வியாதி.
லிஃப்ட் பொங்கலுக்கு நின்றது.
இப்போது ஆடி.

தரைத்தளத்தில் ஒரு வீடு மாற்றித் தரக் கேட்கிறாள்.
எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன்,
வழக்கமான இடத்துக்கும் வந்தேன்.
"அத எழுதாதீங்க சார்."
எதை?
"கருணைய. அது எங்க மாடிப்படியிலயே இருக்கு.
லிஃப்ட்டுதான் இல்ல."

பிறகு சொன்னாள்,
குறையாக இல்லை, வழி சொல்வதைப் போல.
நாலாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி.
சிவப்பு பிளாஸ்டிக். உடைந்த ஒரு கால்
கேபிள் ஒயரால் சுற்றிக் கட்டியது.
யார் போட்டது என்று இதுவரை தெரியாது.
அவனை அதில் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவாள்.
அவன் அங்கே உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு
'நான்காம் தளம், கதவு திறக்கிறது' என்பானாம்.

அந்தக் கட்டடத்தில் பல்பு திருடு போகும்,
குழாய்த் திருகு போகும்,
செருப்பு ஒற்றைக்கால் மட்டும் கூடப் போகும்.
நாற்காலி போகவில்லை.
குடித்துவிட்டு ஏறுகிறவனும்
அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியில்தான் விழுகிறான்.
சாரல் அடித்த மறுநாள்
யாரோ அதைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

பேனாவை வைத்தேன்.
என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல்.
அதன்மேல் நான்.
எத்தனை திங்கட்கிழமைகள்,
எத்தனை பேர் என் எதிரே நின்றபடியே
தங்கள் வாழ்க்கையைச் சொல்லி முடித்திருக்கிறார்கள்.
எழுந்துவிட வேண்டும் போலிருந்தது.
எழுந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று
ஒரு சமாதானமும் கூடவே வந்தது, சிரமமே இல்லாமல்.
உட்கார்ந்தே எழுதினேன்.

மனுவுக்கு ஐம்பது ரூபாய்.
வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
நீட்டிய கை இறங்குவதாக இல்லை.
வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடித்த வரியின் மேலே கொஞ்சம் இடம் இருந்தது.
பையன் என்ன எடை என்று கேட்டேன்.
யோசிக்கவே இல்லை அவள்.
இருபத்தொன்பது கிலோ என்று அங்கே எழுதினேன்.

கையெழுத்துப் போடக் குனிந்தவள்
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு அதன் பக்கத்தில்
ஒவ்வொரு எழுத்தாக, தன் கையாலேயே சேர்த்தாள்:
'வளந்துகிட்டு இருக்கான்'